'பியூர்' பெர்சியனா, நாட்டுப் பூனையா? குட்டியைக் கையில் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை!

"பியூர் பெர்சியன். பஞ்ச் ஃபேஸ். டிரிபிள் கோட். ப்ளூ ஐஸ். பாட்டி ட்ரெயின்ட். 45 நாள் குட்டி."

பூனை விற்பனைக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் விளம்பரங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கூடவே பஞ்சு உருண்டை மாதிரி ஒரு குட்டியின் போட்டோ. பிள்ளைகள் கண்ணில் அது பட்டுவிட்டால் போதும், "எனக்கு இந்தப் பூனைதான் வேணும்" என்று வீடே இரண்டாகிவிடும். "காசு கொடுத்து யாராவது பூனை வாங்குவாங்களா? நம்ம மாடிப்படிக்குக் கீழேயே நாலு குட்டி கிடக்கு. அதுல ஒண்ணை எடுத்து வளர்க்க வேண்டியதுதானே" என்பார் பாட்டி. அப்பாவும் அம்மாவும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பார்கள்.

இந்தச் சண்டையில் எல்லோரும் பேசுவது ஒரே விஷயத்தைத்தான்: எந்த இனம்? ஆனால், மேலே இருக்கும் விளம்பரத்தை இன்னொரு முறை படியுங்கள். அதில் மிக முக்கியமான தகவல் 'பியூர்' என்பது அல்ல. கடைசியில் இருக்கும் '45 நாள்' என்பதுதான். வாங்குகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோவதும் அதைத்தான். ஏன் என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பார்ப்போம்.

'பியூர்' என்று யார் சொல்ல முடியும்?

பூனை இனங்கள் என்று நாம் பேசுபவற்றில் பெரும்பாலானவை மிகச் சமீபத்தியவை. பூனை மனிதரோடு சேர்ந்து வாழத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகிலேயே புதைக்கப்பட்ட பூனையின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஆனால், 'இந்த இனத்துக்கு இப்படி முகம், இப்படி முடி இருக்க வேண்டும்' என்று விதி எழுதி, பார்த்துப் பார்த்து இணைசேர்க்கும் வழக்கம் சூடுபிடித்து சுமார் 150 ஆண்டுகள்தான் ஆகின்றன. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வேர் என்பவர் நடத்திய பூனைக் கண்காட்சிதான் இதற்குப் பெரிய தொடக்கம்.

அப்படி ஒரு பூனையை 'பியூர்' என்று சொல்ல வேண்டுமானால், அதன் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யார் என்று எழுதிவைத்த பதிவேடு வேண்டும். அமெரிக்காவில் 1906-ல் தொடங்கப்பட்ட கேட் ஃபேன்சியர்ஸ் அசோசியேஷன் (சி.எஃப்.ஏ), 1979-ல் தொடங்கப்பட்ட இன்டர்நேஷனல் கேட் அசோசியேஷன் (டைக்கா) போன்ற அமைப்புகள் இந்தப் பதிவைச் செய்கின்றன. அவை தருவதுதான் வம்சாவளிச் சான்றிதழ். பூனைக்கு மைக்ரோசிப் பொருத்தியிருந்தால், அந்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று ஸ்கேனர் வைத்துப் பார்த்துவிடலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "பேப்பர் இருக்கா?" என்று கேட்டால், விற்பவர் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டுவார். அதில் 'இனம்: பெர்சியன்' என்று எழுதி, டாக்டர் கையெழுத்தும் இருக்கும். பார்ப்பவருக்குத் திருப்தி! ஆனால், அது பூனையைக் கொண்டுவந்தவர் சொன்னதைக் கேட்டு எழுதியது. அந்தக் கையெழுத்து ஊசி போட்டதற்கான சாட்சியே தவிர, வம்சத்துக்கான சாட்சி இல்லை.

சான்றிதழ் இல்லாத பூனை மோசமான பூனை என்று அர்த்தமில்லை. 'பெர்சியன் மாதிரி இருக்கும் பூனை' என்று மட்டுமே அதைச் சொல்ல முடியும். அதற்கு 'பியூர்' விலை கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு சுவாரஸ்யம், இன்றைய பெர்சியன் பூனைகளின் மரபணுவைச் சோதித்த ஆய்வாளர்கள், அவை மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் ஒத்துப்போகின்றன என்று கண்டறிந்திருக்கிறார்கள். பெயரில் இருக்கும் பெர்சியா, ரத்தத்தில் இல்லை!

நாட்டுப் பூனை 'கலப்பு' அல்ல!

பெர்சியன், சியாமீஸ் எல்லாம் ஜாதிப் பூனை. தெருவில் திரிவது கலப்புப் பூனை. இப்படித்தான் பலர் நினைக்கிறார்கள். இது தவறு. கலப்பு என்றால் இரண்டு இனங்கள் கலந்திருக்க வேண்டும். நம் ஊர் நாட்டுப் பூனையின் முன்னோர்கள் எந்த இனமாகவும் இருந்ததே இல்லை. யாரும் தேர்ந்தெடுத்து இணைசேர்க்காமல், இந்த ஊர் வெயிலிலும் மழையிலும் தானாகப் பிழைத்து, பல தலைமுறைகளாகப் பெருகி வந்தவை அவை.

அதன் பலன் உடம்பிலேயே தெரியும். குட்டை முடி, மெலிந்த உடல், நீண்ட மூக்கு. நம் வெப்பத்துக்கு ஏற்ற அமைப்பு. தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். யாரும் தினமும் சீவிவிட வேண்டியதில்லை.

மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் நான்கு குட்டிகளும் நான்கு நிறத்தில் இருக்கின்றனவா? அதற்கும் காரணம் உண்டு. ஒரு பெண் பூனை ஒரே பருவத்தில் பல கடுவன்களோடு சேரும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு அப்பாக்கள் இருக்கலாம். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறமும் கலந்த பூனையை 'ரேர் பிரீட்' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. நிறம் வேறு, இனம் வேறு. மூன்று நிறப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்ணாக இருக்கும் என்பதுதான் அதில் உள்ள விசேஷம். ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதுதான் காரணம். மற்றபடி அதுவும் நாட்டுப் பூனைதான்.

நீள முடியும் நீலக் கண்ணும்

முடி புசுபுசுவென்று இருந்தாலே பெர்சியன் என்று நம்பிவிடுகிறோம். பூனைகளில் நீள முடி என்பது ஒடுங்கு பண்பு. அதாவது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் குட்டிக்கு முடி நீளமாக வளரும். பார்க்கக் குட்டை முடியோடு இருக்கும் இரண்டு பூனைகள் அந்த மரபணுவை மறைவாக வைத்திருந்தால், அவற்றுக்கும் நீள முடிக் குட்டி பிறக்கலாம். அதேபோல, பெர்சியன் தாய்க்கும் நாட்டுக் கடுவனுக்கும் பிறந்த குட்டிகள் பெரும்பாலும் குட்டை முடியோடுதான் இருக்கும். ஆக, முடியின் நீளத்தை வைத்து வம்சத்தைச் சொல்லிவிட முடியாது.

அடுத்து 'ப்ளூ ஐஸ்'. எந்தப் பூனைக்குட்டியாக இருந்தாலும் பிறந்த புதிதில் கண் நீலமாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு வாரத்தில்தான் உண்மையான நிறம் மெதுவாக வரத் தொடங்கும். முழுதாக மாற மூன்று மாதம்கூட ஆகலாம். 45 நாள் குட்டியைக் காட்டி 'நீலக் கண்' என்று கூடுதல் விலை சொன்னால், அந்தக் கண் பின்னர் மஞ்சளாகவோ, பச்சையாகவோ மாறிவிட வாய்ப்பு அதிகம். சியாமீஸ், ஹிமாலயன் போன்ற சில வகைகளில் மட்டும் நீலம் அப்படியே நிலைக்கும்.

உடல் முழுக்க வெள்ளையாக இருந்து இரண்டு கண்களும் நீலமாகவே நிலைத்துவிட்ட பூனைகளுக்கு வேறொரு சிக்கல் உண்டு. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பிறவியிலேயே காது கேளாதவை. குட்டியின் பார்வையில் படாமல் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காது அசைகிறதா, திரும்பிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். காது கேளாத பூனையும் வீட்டுக்குள் நன்றாக வாழும். ஆனால், தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

பஞ்ச் ஃபேஸ்... அழகுக்குப் பூனை கொடுக்கும் விலை

நம் ஊர் விற்பனையில் பெர்சியனை முகத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கிறார்கள். மூக்கு ஓரளவு வெளியே தெரிந்தால் 'டால் ஃபேஸ்', கொஞ்சம் உள்ளே போனால் 'செமி பஞ்ச்', இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்கு புதைந்திருந்தால் 'பஞ்ச் ஃபேஸ்'. மூக்கு உள்ளே போகப் போக விலை ஏறும். பூனையின் கஷ்டமும் ஏறும்!

முகம் தட்டையாகும்போது மூச்சுப் பாதை குறுகுகிறது. கண்ணீர் வடியும் குழாய் மடங்குவதால் எப்போதும் கண்ணில் நீர் வழிந்து, முகத்தில் பழுப்புக் கறை படிகிறது. தாடை சிறியதாகிப் பற்கள் நெருக்கியடிக்கின்றன. நாய் அளவுக்குக்கூட வாய் திறந்து மூச்சிரைத்து உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும் பழக்கம் பூனைக்குக் கிடையாது. சென்னை, வேலூர், மதுரை மாதிரியான ஊர்களின் மே மாதத்தில், தட்டை முகமும் அடர்ந்த முடியும் கொண்ட பூனை என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் 'வெயில்தானே' என்று விடக் கூடாது. உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அறிகுறி அது.

வெளியே தெரியாத இன்னொரு பிரச்னை சிறுநீரகத்தில் இருக்கிறது. பெர்சியன் பூனைகளில் 'பாலிசிஸ்டிக் கிட்னி' என்ற பரம்பரை நோய் அதிகம். சிறுநீரகத்தில் பிறவியிலேயே சின்னச் சின்ன நீர்க்கட்டிகள் இருக்கும். வயது ஏற ஏற அவை பெருத்து, சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், சோதிக்கப்பட்ட பெர்சியன்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தப் பாதிப்பு இருந்தது. இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2004-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் சோதனை செய்து, பாதிப்பில்லாத பூனைகளை மட்டும் இணைசேர்க்கும் வழி பிறந்தது. பொறுப்பான வளர்ப்பாளர் என்றால் அந்தச் சோதனை முடிவையோ, தாய்ப்பூனையின் ஸ்கேன் ரிப்போர்ட்டையோ காட்டுவார். 'பியூர்' என்ற வார்த்தைக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது என்றால், அது இந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது.

மற்ற இனங்களுக்கும் அவற்றுக்கே உரிய பிரச்னைகள் உண்டு. மெயின் கூன், ராக்டால் இனங்களில் இதயத் தசை தடிக்கும் நோய் பரம்பரையாக வரலாம். காது மடங்கிய ஸ்காட்டிஷ் ஃபோல்டு பூனை சமூக வலைதளங்களில் பிரபலம். ஆனால், அந்தக் காதை மடக்கும் அதே மரபணுக் கோளாறு உடலில் உள்ள மற்ற குருத்தெலும்புகளையும் பாதிக்கிறது. கால், வால் மூட்டுகள் இறுகி, வலியோடு வாழும் பூனைகள் அவற்றில் உண்டு. 1961-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பண்ணையில் கண்டெடுக்கப்பட்ட பூனையில் தொடங்கிய இனம் இது. பிரிட்டனின் பூனைப் பதிவு அமைப்பே 1970-களில் இதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. 'க்யூட்டாக இருக்கிறது' என்பதற்காக வாங்கக் கூடாத பூனை ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

அப்படியானால் 'கிராஸ்' வாங்கினால் நோயே வராதா?

அப்படியும் சொல்ல முடியாது. "பெர்சியன் கிராஸ் வாங்கினா அழகும் இருக்கும், ஆரோக்கியமும் இருக்கும்" என்று பலர் சொல்வார்கள். ஆனால், மேலே சொன்ன சிறுநீரக நோய் ஓங்கு பண்பாக வருவது. அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் அது வர 50 சதவிகித வாய்ப்பு இருக்கிறது. மறு பக்கம் நாட்டுக் கடுவனாக இருந்தாலும் அது மாறாது.

இனமில்லாப் பூனைகளும் நோய்க்கு விலக்கல்ல. பிரிட்டனில் காப்பகங்களில் இருந்த, வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்த பூனைகளைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய ஏழில் ஒன்றுக்கு இதயத் தசை தடித்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் கலப்புப் பூனைகள்தான்.

ஆயுளையும் பார்த்துவிடலாம். லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரி ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, பிரிட்டனில் வளர்ப்புப் பூனையின் சராசரி ஆயுள் 11.7 ஆண்டுகள். பர்மீஸ், பிர்மன் இனங்கள் 14 ஆண்டுகளைத் தாண்டுகின்றன. முடியே இல்லாத ஸ்பிங்ஸ் 7 ஆண்டுகளைக்கூடத் தொடவில்லை. அந்த இரண்டு முனைகளுமே 'பியூர்' இனங்கள்தான் என்பதைக் கவனியுங்கள். ஆகவே 'இனப் பூனையா, இல்லையா' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. எந்த இனம், அதன் அப்பா அம்மா எப்படி என்பதுதான் கேள்வி.

குணம் இனத்தில் இருக்கிறதா?

"பெர்சியன் மடியிலேயே கிடக்கும், நாட்டுப் பூனை கீறிட்டு ஓடிரும்." இதுவும் அடிக்கடி கேட்கும் பேச்சு.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில், ஏறத்தாழ 6,000 பூனைகளின் குணத்தை அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு ஆராய்ந்தார்கள். இனத்துக்கு இனம் வித்தியாசம் இருப்பது உண்மைதான் என்று 2019-ல் வெளியான முடிவு சொன்னது. சில இனங்கள் துறுதுறுவென்று இருக்கின்றன, சில கூச்சப்படுகின்றன. பஞ்சு பொம்மை போல் இருக்கும் பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், மனிதர்களிடம் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில் மிகவும் பின்தங்கியிருந்தது! ஆனால், அவர்கள் கணக்கிட்டபோது, குணத்தில் ஏறக்குறைய பாதிதான் பரம்பரையாக வருவதாகத் தெரிந்தது. மீதிப் பாதி? அது வளர்ந்த விதம்.

அந்த 'வளர்ந்த விதம்' தொடங்குவது நம் வீட்டில் அல்ல. பூனைக்குட்டிக்கு இரண்டாவது வாரம் முதல் ஏழாவது வாரம் வரையிலான காலம் மிக முக்கியமானது. அந்த நாள்களில் மனிதக் கை தொட்டு, மனிதக் குரல் கேட்டு, வீட்டுச் சத்தத்துக்குப் பழகிய குட்டி மனிதர்களை நம்பும். அப்போது மனிதரையே பார்க்காமல் கிடந்த குட்டி, பிறகு எவ்வளவு கொஞ்சினாலும் கொஞ்சம் பயந்தபடிதான் இருக்கும். கூண்டிலேயே வளர்ந்த பெர்சியன் குட்டிக்கும் இது பொருந்தும். யாரோ ஒரு அக்கா தினமும் மீன் போட்டு, மடியில் வைத்துப் பழக்கிய நாட்டுக் குட்டி, அதைவிட நல்ல பிள்ளையாக இருக்கும்.

45 நாள்... என்ன தவறு?

இப்போது அந்த முக்கியமான எண்ணுக்கு வருவோம். 45 நாள் என்றால் ஆறரை வாரம்கூட முடியவில்லை. எட்டு வாரம் என்றால் 56 நாள்.

அந்த 11 நாளில் என்ன இருக்கிறது? குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் பாடம் படிக்கிறது. விளையாட்டில் பலமாகக் கடித்தால் மற்ற குட்டி கத்திவிட்டு விலகிப் போகும். அப்படித்தான் 'எவ்வளவு கடிக்கலாம்' என்று தெரிந்துகொள்கிறது. தாய் மண்ணைத் தோண்டி மலம் கழிப்பதைப் பார்த்துப் பழகுகிறது. பால் மறந்து முழுதாகத் திட உணவுக்கு மாறுகிறது. சீக்கிரமே பிரிக்கப்பட்ட குட்டிக்கு இந்தப் பாடங்கள் பாதியில் நிற்கின்றன. அது நம் பிள்ளைகளின் கையைத்தான் கடித்துப் பழகும்.

அதே ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதையும் பார்த்திருக்கிறார்கள். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை வளர்ந்த பின் அதிக ஆக்ரோஷத்தோடு இருந்தன. 14 வாரம் வரை தாயோடு இருந்தவை நிதானமாக இருந்தன.

நம் நாட்டிலும் இதற்கு விதி இருக்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018-ல் மத்திய அரசு கொண்டுவந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, எட்டு வாரம் ஆகாத பூனைக்குட்டியைக் கடைகளில் விற்கக் கூடாது. கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். '45 நாள் குட்டி' என்று ஒரு கடை பெருமையாக விளம்பரம் செய்தால், விதி மீறலைத் தானே அறிவிக்கிறது என்று பொருள்.

இதே கணக்கு நாட்டுக் குட்டிக்கும் உண்டு. மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, கண் திறந்த மறுநாளே தூக்கிவந்துவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். தாய் வந்து போகிறது என்றால், குட்டியை அங்கேயே விட்டு, தாய்க்குச் சாப்பாடு வையுங்கள். தினமும் குட்டியைத் தொட்டுப் பழக்குங்கள். எட்டு வாரம் ஆனதும் வீட்டுக்கு அழைத்துவரலாம். தாய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால், மருத்துவரிடம் கேட்டு, குட்டிகளுக்கான பால் பவுடர் கொடுக்க வேண்டும். பசும்பால் அதற்குச் சரிப்படாது.

உங்கள் வீடு எந்தப் பூனைக்கு ஏற்றது?

பூனையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள்.

தினமும் பத்து, பதினைந்து நிமிடம் சீவிவிட ஆள் இருக்கிறதா? பெர்சியனுக்கு இது தவிர்க்க முடியாத வேலை. நான்கு நாள் விட்டால் முடி சிக்கு விழும். சிக்கு இறுகினால் தோலை இழுத்துப் புண்ணாக்கும். கடைசியில் மொத்தமாக மழித்துவிட வேண்டிவரும். தினமும் கண்ணைத் துடைத்துவிட வேண்டும். பெர்சியன்களுக்குப் பூஞ்சையால் வரும் படர்தாமரையும் எளிதில் தொற்றும். அது வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் பரவக்கூடியது.

பகலில் வீடு பூட்டியே இருக்குமா? ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, மேல் மாடியா? மதியம் வீட்டுக்குள் அனல் அடிக்கும் என்றால், அடர்முடிப் பூனை வேண்டாம். குட்டை முடி நாட்டுப் பூனைதான் அங்கே நிம்மதியாக இருக்கும்.

வீட்டில் யாருக்காவது அலர்ஜி, ஆஸ்துமா இருக்கிறதா? 'முடி குறைவாக இருந்தால் அலர்ஜி வராது' என்பது தவறான நம்பிக்கை. அலர்ஜியைத் தூண்டும் புரதம் பூனையின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் இருக்கிறது. எந்த இனமாக இருந்தாலும் அது இருக்கும். பூனை வளர்க்கும் வீடொன்றில் சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அடுக்குமாடி வீடா? பால்கனிக்கு வலை கட்ட முடியுமா? பெர்சியனோ, நாட்டுப் பூனையோ, புறாவைத் துரத்திப் பாய்ந்தால் இரண்டும் கீழேதான் விழும்.

விலை ஒருமுறை, செலவு பலமுறை

நாட்டுப் பூனைக்கு விலை இல்லை. பெர்சியனுக்கு விலை ஐந்து இலக்கத்தைக்கூடத் தொடலாம். ஆனால், அந்த வித்தியாசம் முதல் நாளோடு முடிந்துவிடுகிறது. தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை, உணவு, லிட்டர் மணல் எல்லாமே இருவருக்கும் ஒன்றுதான். "நாட்டுப் பூனைதானே, அதுக்கு எதுக்கு ஊசி" என்று விடுகிற வீடுகள் உண்டு. குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் பேன்லூகோபீனியா வைரஸ் இனம் பார்த்து வருவதில்லை. ரேபிஸும் அப்படித்தான். எட்டு வார வயதில் முதல் தடுப்பூசியைத் தொடங்கி, மூன்று மாதத்தை ஒட்டி ரேபிஸ் ஊசியும் போட்டுவிட வேண்டும்.

சாப்பாட்டிலும் வித்தியாசம் கிடையாது. பால் சாதமும் தயிர் சாதமும் மட்டும் போட்டு வளர்த்தால் எந்தப் பூனைக்கும் பார்வையும் இதயமும் பாதிக்கப்படும். பூனைக்குக் கட்டாயம் தேவையான 'டாரின்' என்ற சத்து மீன், இறைச்சி போன்ற அசைவ உணவில்தான் இருக்கிறது. சுத்த சைவ வீடு என்றால், பூனைகளுக்கான பாக்கெட் உணவையாவது வாங்கித் தர மனம் ஒப்புமா என்று முன்பே பேசிவிடுங்கள்.

ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுவது அவசியம். இல்லாவிட்டால் கடுவன் வீடெல்லாம் சிறுநீர் பீய்ச்சும்; பெண் பூனை இரவெல்லாம் கத்தும். பூனையின் கர்ப்ப காலம் இரண்டு மாதம்தான். ஒரே வருடத்தில் வீட்டில் எத்தனை குட்டிகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அரசு கால்நடை மருத்துவமனைகளிலும், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தனியாரைவிடக் குறைந்த செலவில் சிகிச்சை பெறலாம். செல்லப்பிராணி உரிமம் எடுக்க வேண்டுமா என்பதை உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் 7 கேள்விகள்

1. குட்டி பிறந்த தேதி என்ன? எட்டு வாரம் முடிந்துவிட்டதா?

2. தாய்ப்பூனையை நேரில் பார்க்கலாமா? 'அது வேற ஊர்ல இருக்கு' என்று சொன்னால் யோசியுங்கள்.

3. குட்டி கூண்டில் வளர்ந்ததா, மனிதர்கள் நடமாடும் வீட்டுக்குள் வளர்ந்ததா?

4. 'பியூர்' என்றால் வம்சாவளிச் சான்றிதழ் எங்கே? தடுப்பூசி அட்டை அதற்கு ஈடாகாது.

5. பெர்சியன் என்றால் அப்பா, அம்மாவுக்குச் சிறுநீரகச் சோதனை செய்த ரிப்போர்ட் இருக்கிறதா?

6. மூக்குத் துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறதா? மூச்சுவிடும்போது சத்தம் வருகிறதா? கண்ணில் பீளை, காதுக்குள் கறுப்பு அழுக்கு, முடி உதிர்ந்த வட்டத் திட்டு இருக்கின்றனவா?

7. கைக்கு வந்த இரண்டு மூன்று நாளில் மருத்துவரிடம் காட்டி, பிரச்னை இருந்தால் திருப்பித் தரலாமா?

தெருவிலிருந்து எடுக்கும் குட்டிக்கு நான்காவது, ஐந்தாவது கேள்விகள் மட்டும் தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பதிலை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தாய் எது, எப்போது பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று உங்கள் கண் முன்னால் நடந்த கதை அது. அந்த வகையில், காகிதம் இல்லாத 'பியூரை'விட, மாடிப்படிக் குட்டியைப் பற்றித்தான் உங்களுக்கு அதிகம் தெரியும்!

குட்டிதான் வேண்டும் என்றும் இல்லை. சென்னையில் புளூ கிராஸ் போன்ற காப்பகங்களில் வளர்ந்த பூனைகளைத் தத்தெடுக்கலாம். வளர்ந்த பூனையிடம் ஒரு வசதி, அதன் குணமும் கண் நிறமும் ஏற்கெனவே தெரிந்துவிட்டிருக்கும். காப்பகங்களில் பெர்சியன்களும் இருப்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும். ஆசையாக வாங்கி, சீவிவிட முடியாமல், படர்தாமரை வந்து, வீடு மாறும்போது கைவிடப்பட்டவை அவை. நாட்டுப் பூனை தெருவில் விடப்பட்டாலே பிழைப்பது கடினம். தட்டை முகமும் சிக்குப் பிடித்த முடியும் உள்ள பூனையால் சில வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பூனை 12, 15 ஆண்டுகள்கூட வாழும். இன்று ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளை கேட்டு வாங்கும் பூனை, அந்தப் பிள்ளை கல்லூரி முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் உங்கள் வீட்டில்தான் இருக்கும். அப்போது அதற்குச் சாப்பாடு வைக்கப்போவது அநேகமாக அம்மாவோ, அப்பாவோதான். அதனால், எந்தப் பூனை என்ற முடிவில் போட்டோவைக் காட்டும் பிள்ளைக்கு ஒரு ஓட்டு கொடுங்கள். தினமும் லிட்டர் டிரேயைச் சுத்தம் செய்யப்போகிறவருக்கு இரண்டு ஓட்டு கொடுங்கள்!